அக்கா எழுதியது ‘இல்லை’; கருவி படித்தது ‘எல்லை’

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். என் பழைய மாணவர்களில் மென்பொருள் வேலைக்குப் போனவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். முக்கியமாக நீங்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு 77 வயது. போன வருடம் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது, குரல் திரும்பவில்லை. எங்கள் வீட்டிலேயே அதிகம் பேசுகிறவர் அவர்தான். அடுத்தபடியாக, அதிகம் எழுதுகிறவரும் அவர்தான். நான் வெளியூரில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தபோது வாரம் தவறாமல் இன்லண்ட் லெட்டர் போடுவார். மடிக்கும் ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதியிருப்பார்.

குரல் போன பிறகு, வீட்டில் உள்ளவர்களிடம் பேச ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தோம். பெங்களூரில் இருக்கும் மகளிடம் எப்படிப் பேசுவது? பேரன் கல்லூரியில் கணினி படிக்கிறான். ஒரு டேப்லெட்டும் அதற்கான பேனாவும் வாங்கி வந்தான். “ஆச்சி, நீங்க கையாலேயே எழுதுங்க. அதுவே டைப் பண்ணிடும்” என்றான். அக்காவின் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தெளிவைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் இரவு பதினொன்றரைக்கு மகளிடமிருந்து எனக்குப் போன். “மாமா, உடனே அம்மா வீட்டுக்குப் போய்ப் பாருங்க. ‘வலி எல்லை’ன்னு மெசேஜ் வந்திருக்கு. தாங்க முடியாத வலின்னு சொல்றாங்களா?”

நான்கு தெரு தள்ளித்தான் வீடு. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். அக்கா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் காட்டினேன். சிலேட்டை எடுத்து எழுதினார்: “வலி இல்லை என்றுதான் எழுதினேன் தம்பி.”

‘இல்லை’ என்பதை ‘எல்லை’ என்று அந்தக் கருவி படித்துவிட்டது. ஓர் எழுத்துத்தான்.

அடுத்த நாளிலிருந்து அக்கா அந்தப் பேனாவைத் தொடவில்லை. பேரன் எவ்வளவோ சொன்னான். சிலேட்டில் ஒரே வரி எழுதிக் காட்டினார்: “நான் சொல்லாததை அது சொல்கிறது.”

அந்த வரி என்னை விடவில்லை. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் கையெழுத்தைப் படித்து, திருத்தி, மதிப்பெண் போட்ட கை இது. கையெழுத்தைப் படிப்பது, தப்பாகப் படிப்பது, தப்பாகப் படித்துவிட்டால் என்ன செய்வது ஆகிய மூன்றும் என் தொழில். அந்த உரிமையில் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

பேரனை உட்கார வைத்து இந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்று கேட்டேன். நானும் தேடிப் படித்தேன். இதன் வரலாறு நான் நினைத்ததைவிடப் பழையது. 1957இலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஒரு கருவி செய்திருக்கிறார்கள். அதில் இரண்டு புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளிகளைச் சுற்றி எண்களை எழுத வேண்டும். கோடு எந்தப் பக்கமாகப் போகிறது என்பதை வைத்துக் கருவி எண்ணைக் கண்டுபிடிக்கும். நம் வீட்டுப் பெண்கள் புள்ளி வைத்துக் கோலம் போடுவது மாதிரிதான். எழுதுகிறவருக்குப் புள்ளி வழிகாட்டும். கருவிக்கும் அதே புள்ளி அடையாளம்.

1993இல் ஆப்பிள் நிறுவனம் நியூட்டன் என்ற கையடக்கக் கருவியைக் கொண்டு வந்தது. எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் படிக்கிறேன் என்றது அது. தன்னிடம் இருந்த அகராதியை வைத்துக்கொண்டு, எழுதியது எந்தச் சொல்லாக இருக்கும் என்று ஊகிக்கும். ஊகம் தப்பினால் சம்பந்தமே இல்லாத ஒரு சொல் வந்து நிற்கும். செய்தித்தாள் கேலிச்சித்திரத்தில் வைத்துக் கிண்டல் செய்தார்கள். பிந்திய பதிப்புகளில் நன்றாகவே தேறியது. ஆனாலும் முதலில் கெட்ட பெயர் போகவில்லை. 1998இல் நிறுத்திவிட்டார்கள்.

1996இல் பாம் பைலட் வந்தது. ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பவரின் யோசனை. கருவி செய்வதற்கு முன் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்து பார்த்தாராம், மனிதனுக்கு இது தோதுப்படுமா என்று. அவர் எடுத்த முடிவு நியூட்டனுக்கு நேர் எதிர். கருவி மனிதனின் எழுத்தைக் கற்பதற்குப் பதிலாக, மனிதன் கருவிக்காக எழுத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளட்டும் என்றார். அதற்குக் கிராஃபிட்டி என்று பெயர். ஆங்கில எழுத்துகள் ஒன்றிரண்டு தவிர எல்லாமே பேனாவைத் தூக்காமல் ஒரே இழுப்பு. ‘ஏ’ எழுத்துக்குக் குறுக்குக்கோடு கிடையாது. எழுத்துக்கு இடப்பக்கக் கட்டம், எண்ணுக்கு வலப்பக்கக் கட்டம். 1997இல் வந்த ஓர் ஆய்வு, ஐந்து நிமிடப் பயிற்சியிலேயே மக்கள் நூற்றுக்கு 97 எழுத்தைச் சரியாக எழுதினார்கள் என்கிறது.

இந்த 97 என்ற எண்ணை ஆசிரியராக நிறுத்திப் பார்க்கிறேன். 97 மதிப்பெண் வாங்கிய மாணவனை நாம் மாலை போட்டு மேடையில் ஏற்றுவோம். ஆனால் கையெழுத்துக் கருவிக்கு 97 என்றால் என்ன? ஆறு எழுத்துச் சொல் ஒன்று முழுவதும் சரியாக வர, ஆறு எழுத்தும் சரியாக வர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய ஆறு சொல்லுக்கு ஒரு சொல் தப்பாகும். நூறு சொல்லில் கடிதம் எழுதினால் பதினாறு, பதினேழு இடத்தில் திருத்த வேண்டும். கருவி எத்தனை எழுத்தைச் சரியாகப் படிக்கிறது என்பதோடு, மிச்ச இடங்களில் எழுதியவரை என்ன பாடு படுத்துகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது நல்ல கருவியா என்று தெரியும்.

பாம் பைலட்டில் தப்பு வந்தால் எழுதியவருக்கு ஏன் என்று தெரியும். “நான் கோட்டைச் சரியாக இழுக்கவில்லை” என்று மறுபடி எழுதுவார். நியூட்டனில் தப்பு வந்தால் காரணம் புரியாது. காரணம் புரியாத தப்பு மனிதனைச் சோர வைத்துவிடும். ஏன் அடி விழுந்தது என்றே தெரியாத பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கூடம் வராது. அக்கா பேனாவைத் தொடாமல் போனதும் அதனால்தான்.

இனி நம் எழுத்துக்கு வருகிறேன்.

இந்தக் கருவிகள் நாம் எழுதுவதைப் படமாக மட்டும் பார்ப்பதில்லை. எங்கே தொடங்கினோம், எந்தத் திசையில் இழுத்தோம், எப்போது பேனாவைத் தூக்கினோம் என்று நாம் எழுதும் விதத்தையே பார்க்கின்றன. தமிழை நாம் எப்படி எழுதுகிறோம்? ‘கொ’ எழுத முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கொம்பைப் போட்டுவிட்டு ஒரு நொடி தயங்கினால் போதும், அவசரக் கருவி அந்தக் கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டத்துடன் அச்சில் போட்டுவிடுகிறது. கணினிக்குள்ளே ‘க’ முதலிலும் கொம்பு பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. கை எழுதும் வரிசையோ வேறு. இந்த இரண்டையும் இசைய வைப்பது கருவியின் வேலை. எழுதுகிற கிழவியின் வேலை அல்ல.

அடுத்தது மெய்ப்புள்ளி. ‘அப்பா’ என்று எழுதும்போது ‘ப’ எழுதியவுடன் புள்ளி வைப்பவர்கள் உண்டு. சொல்லை முழுக்க எழுதி முடித்து, கடைசியில் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் புள்ளிகளை வரிசையாக வைப்பவர்களும் உண்டு. அக்கா இரண்டாவது வகை. வேகமாக எழுதுகிற கைகள் பெரும்பாலும் அப்படித்தான். புள்ளி வைக்க அவர் கையைத் திருப்புவதற்குள் எழுத்து மறைந்து அச்சாகிவிடும். பிறகு அவர் வைக்கும் புள்ளிகள் வெற்றுத் திரையில் விழும். அதையும் ஏதோ குறியென்று எண்ணிக் கருவி முற்றுப்புள்ளியாகப் போடும். இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

அடுத்தது ‘ர’வும் காலும். ‘பரதம்’ என்றும் ‘பாதம்’ என்றும் வேகமாக எழுதிப் பாருங்கள். ர-வின் அடியில் இழுக்கும் சின்னக் கோடு விட்டுப்போனால் இரண்டும் ஒன்று. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் அகராதியும் உதவாது. ‘மௌனம்’ எழுதினால் ஔகாரக் குறியின் பின்பகுதியும் ‘ள’வும் பார்வைக்கு ஒன்றே. ‘கௌசல்யா’ என்ற பெயரைக் கொம்பும் க-வும் ள-வுமாகப் பதிந்துவிட்டால், படிக்கும்போது வித்தியாசமே தெரியாது. ஆனால் பிறகு அந்தப் பெயரைத் தேடினால் கணினி “அப்படி யாரும் இல்லை” என்று சொல்லிவிடும்.

இன்னொன்று, என் தலைமுறைக்கே உரியது. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். பிள்ளைகளுக்குப் புதிய ‘லை’ சொல்லிக்கொடுப்பேன். திரும்பிக் கரும்பலகையில் எழுதினால் யானைத் தும்பிக்கை மாதிரிச் சுழித்த பழைய ‘லை’தான் வரும். பிள்ளைகள் “சார், தப்பு” என்று கத்துவார்கள். என் கை மாறவே இரண்டு வருடம் பிடித்தது. அக்கா பள்ளிப் படிப்பை முடித்து வீட்டில் இருந்தவர். ஆணை அவர் கைக்கு வந்து சேரவே இல்லை. இன்றும் தும்பிக்கை ‘லை’தான் எழுதுகிறார். ‘இல்லை’யின் கடைசி எழுத்தில் கருவி குழம்பியது அங்கேதான் என்று நினைக்கிறேன். தெரிந்த எழுத்தை வைத்து, தெரியாத எழுத்தை ஊகித்து, அகராதியைப் புரட்டி, ‘எல்லை’ என்று முடிவு செய்துவிட்டது.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பிள்ளை ‘இல்லை’யைப் பிழையாக எழுதினால் ‘இலை’ என்றோ ‘இள்ளை’ என்றோ எழுதும். படிப்பவருக்கு உடனே தெரியும், பிள்ளை சொல்ல வந்தது இல்லை என்று. பிழை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கருவி செய்யும் பிழை அப்படியில்லை. அது ஒரு நல்ல சொல்லை, ஒற்றுப்பிழைகூட இல்லாமல், அழகான அச்சில் தருகிறது. அடியில் சிவப்புக் கோடும் வராது. படிக்கிறவர் அதைக் கருவியின் ஊகம் என்று எண்ணமாட்டார். அம்மா எழுதினாள் என்றே எண்ணுவார். தப்பு செய்தது ஒருவர், பழி இன்னொருவர் மேல். அக்கா சிலேட்டில் எழுதியதன் பொருள் இதுதான்.

“எல்லாம் சரியாகிவிடும் தாத்தா, இன்னும் இரண்டு வருடத்தில் நூற்றுக்கு நூறு படிக்கும்” என்கிறான் பேரன். ஆய்வுகள் நடக்கின்றன என்பது உண்மை. பெங்களூரில் இருந்த எச்.பி. ஆய்வகம் தமிழின் 247 எழுத்துகளையும் எழுதப் போதுமான 156 வடிவங்களுக்குக் கையெழுத்து மாதிரிகளைத் திரட்டியது. 2006இல் பிரான்சில் நடந்த கையெழுத்து மாநாட்டை ஒட்டி, அந்த மாதிரிகளை வைத்துத் தமிழ் எழுத்துகளைப் படிக்க ஒரு போட்டியே நடந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் தமிழ்க் கையெழுத்தைப் படிக்கும் ஆய்வு நடந்திருக்கிறது. 2015இல் கூகுள் 82 மொழிகளுக்குக் கையெழுத்து உள்ளீடு கொண்டு வந்தது. இவர்கள் எல்லாரையும் நான் மதிக்கிறேன்.

ஆனால் நூற்றுக்கு நூறு வராது. ஏனென்றால் மனிதனுக்கே வராது. முப்பத்தைந்து வருடம் படித்த எனக்கே சில பிள்ளைகளின் ‘பரதம்’ பாதமாகத் தெரிந்திருக்கிறது. அப்போது நான் என்ன செய்தேன்? கூப்பிட்டு, “இது என்னடா?” என்று கேட்டேன். படிக்கத் தெரிவதைப் போலவே, சந்தேகம் வந்தால் கேட்கத் தெரிவதும் ஆசிரியனின் திறமைதான். இந்தக் கருவிகளுக்குக் கேட்கத் தெரியவில்லை.

இது நமக்குப் புதிய விஷயமா? ஓலைச்சுவடியில் மெய்ப்புள்ளி வைக்கமாட்டார்கள், ஓலை கிழியும். ர-வுக்கும் காலுக்கும் வேறுபாடு இருக்காது. ஒரே வரியைப் பலவிதமாகப் படிக்கலாம். அந்தச் சுவடிகளைத்தான் உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் படித்து அச்சேற்றினார்கள். ஒரு சுவடியில் ஒரு சொல்லும் இன்னொரு சுவடியில் வேறு சொல்லும் இருந்தால் ஐயர் என்ன செய்தார்? தமக்குச் சரியென்று பட்டதை மேலே வைத்து, மற்றதைப் பிரதிபேதம் என்று கீழே குறித்தார். நாளைக்கு வேறொருவர் பார்த்து, “இதுவே சரி” என்று சொல்ல இடம் வைத்தார். மூலச் சுவடியைக் கிழித்து எறியவில்லை. தேடித் தேடிப் பாதுகாத்தார்.

நம் டேப்லெட் என்ன செய்கிறது? படிக்கிறது, ஒன்றை முடிவு செய்கிறது, எழுதியதை உடனே அழித்துவிடுகிறது. தான் படித்ததையே மூலம் என்று அனுப்பிவிடுகிறது. மகள் கையில் போய்ச் சேர்ந்தது ‘வலி எல்லை’. அக்கா எழுதிய வரி உலகத்தில் எங்குமே இல்லை. அது இருந்திருந்தால் மகள் ஒரு பார்வை பார்த்து, “அம்மாவோட ‘இல்லை’” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருப்பாள்.

ஆகவே மென்பொருள் செய்யும் என் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வருவதில் முதலாவதும் முக்கியமானதும் இது: எழுதியதை அழிக்காதீர்கள். அச்செழுத்து மேலே வரட்டும். கையெழுத்து அதன் பக்கத்தில் சின்னதாகவாவது இருக்கட்டும். எழுதியவர் பார்த்துச் சரி சொல்லும்வரை இருக்கட்டும். அவர் விரும்பினால் செய்தியோடு சேர்ந்தே போகட்டும். இது முடியாத காரியமல்ல. 2002இல் மைக்ரோசாஃப்ட் கொண்டு வந்த டேப்லெட் கணினியிலேயே கையெழுத்தைக் கையெழுத்தாகவே வைத்துக்கொண்டு, பின்னால் அதைப் படித்து வைத்து, சொல்லைத் தேடினால் காட்டும் வசதி இருந்தது. இருபது வருடத்துக்கு முன் முடிந்தது இன்றைக்கு ஏன் முடியாது?

இரண்டாவது, பொறுங்கள். புள்ளி வைக்கும்வரை பொறுங்கள். 20 வயதுக் கையின் வேகத்தை வைத்து 77 வயதுக் கைக்கு நேரம் குறிக்காதீர்கள். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை மாற்றும் வசதி சில மென்பொருள்களில் இருக்கிறது. ஆனால் பேரனே ஆறு இடம் தட்டித் தேடித்தான் கண்டுபிடித்தான். அதை முன்வாசலில் வையுங்கள். எழுதும் கட்டத்தையும் பெரிதாக்குங்கள். ‘போய்க்கொண்டிருக்கிறார்கள்’ என்பது பதின்மூன்று எழுத்து, ஒரே சொல். ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு வெட்டிய பெட்டியில் அது அடங்காது. பாதியில் பெட்டி முடிந்து, சொல் இரண்டாக உடைந்து, நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது.

மூன்றாவது, சந்தேகம் இருந்தால் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் உறுதி இல்லை என்பது கருவிக்கு உள்ளே தெரியும். வேறு எந்தெந்தச் சொல்லாக இருக்கலாம் என்ற பட்டியலும் அதனிடம் இருக்கிறது. பிறகு ஏன் எல்லாச் சொல்லையும் ஒரே துணிச்சலோடு காட்ட வேண்டும்? சந்தேகமான சொல்லின் அடியில் பென்சில் கோடு மாதிரி ஒன்று போட்டால் போதும். ‘எல்லை’யின் அடியில் அந்தக் கோடு இருந்திருந்தால் அக்கா அனுப்பும் முன் கவனித்திருப்பார்.

நான்காவது, திருத்துவதையும் பேனாவாலேயே செய்ய விடுங்கள். எழுதப் பேனா, திருத்த விரல், அதுவும் எறும்பு மாதிரி இருக்கும் பொத்தானில் என்றால் நடுங்கும் விரலுக்கு அது தண்டனை. 2020இல் ஆப்பிள் ஐபேடில் வந்த ஒரு வசதியில், வேண்டாத சொல்லைக் கிறுக்கினால் அழிகிறது. சொல்லைச் சுற்றி வட்டம் போட்டால் தேர்வாகிறது. நடுவில் ஒரு செங்குத்துக் கோடு இழுத்தால் சேர்ந்தது பிரிகிறது, பிரிந்தது சேர்கிறது. இதைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சி. வகுப்பறை நோட்டில் நாம் காலங்காலமாகப் போட்டுவரும் குறிகள்தானே இவை! புதிதாக எதையும் கற்க வேண்டாம். தமிழுக்கும் இப்படித்தான் வேண்டும். விட்டுப்போன புள்ளியைச் சொல்லின் தலையில் வைத்தால் புள்ளி சேர வேண்டும். ‘பாதம்’ என்று வந்துவிட்டால், அந்தக் காலின் அடியில் ஒரு கோடு இழுத்ததும் ‘பரதம்’ ஆக வேண்டும்.

ஐந்தாவது, பெயரில் கை வைக்காதீர்கள். பெயர் எழுதும் கட்டத்தில் அகராதிக்கு வேலை இல்லை. எழுதியவர் எப்படி எழுதினாரோ அதுதான் அவர் பெயர்.

ஆறாவது, எழுதுகிறவரின் கையைக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் நாள் பத்துச் சொல் எழுதச் சொல்லுங்கள். தும்பிக்கை ‘லை’ எழுதுகிறவர் என்றால் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். புதிய மாணவன் வகுப்புக்கு வந்தால் ஒரு வாரத்தில் அவன் கையெழுத்து எங்களுக்குப் பிடிபட்டுவிடும். நாற்பது பிள்ளைகளின் கையெழுத்தை நான் பெயர் பார்க்காமல் சொல்வேன். ஒரே ஓர் ஆளின் கையெழுத்தை அந்தக் கருவி கற்கக் கூடாதா?

நம் எழுத்தின் இயல்பை அறிந்து செய்த வடிவமைப்புக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. மேலே சொன்ன அதே எச்.பி. ஆய்வகம், ஏறத்தாழ இருபது வருடங்களுக்கு முன் இந்திய மொழிகளுக்கு ஒரு பலகை செய்தது. அதில் எழுத்துகள் கட்டம் கட்டமாக இருக்கும். ‘க’ கட்டத்தைப் பேனாவால் தொட்டால் க. அதே கட்டத்தின் மேல் உயிர்க்குறியை வரைந்தால் அந்த உயிர்மெய். க-வைத் தெரிந்த பிள்ளைக்கு கா, கி, கீ சொல்லிக்கொடுக்கும் அதே முறை. இதைச் செய்தவர்கள் ஒரு திண்ணைப் பள்ளியையாவது எட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

“இத்தனை பாடு எதற்கு? மைக்கில் பேசினால் போதுமே” என்று கேட்பீர்கள். குரல் இல்லாதவர் என்ன செய்வார்? குரல் இருப்பவரும் பேருந்தில் உட்கார்ந்து மருமகளோடு நடந்த மனஸ்தாபத்தை மைக்கில் சொல்லமாட்டார். “ஆங்கில எழுத்தில் அம்மா என்று தட்டினால் தமிழில் வருகிறதே” என்பீர்கள். தமிழ் எழுத ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அக்காவுக்கு எதற்கு? “தமிழ்99 விசைப்பலகை இருக்கிறதே” என்றால், அது நல்ல பலகைதான். நானே அதில்தான் இந்தப் பதிவைத் தட்டுகிறேன். எனக்குப் பழக ஒரு மாதம் ஆனது. மருத்துவமனைக் கட்டிலில் இருப்பவரிடம் ஒரு மாதம் பழகச் சொல்ல முடியாது. சீனாவில் வயதானவர்கள் பலர் செல்போனில் விரலால் எழுதித்தான் செய்தி அனுப்புகிறார்கள். அங்கே அது யாருக்கும் வேடிக்கையாகத் தெரிவதில்லை.

“தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பலாமே” என்ற கேள்வி நியாயமானது. அந்த இரவுக்குப் பிறகு நாங்களும் அதைத்தான் செய்தோம். ஆனால் படத்துக்குள் இருக்கும் மருந்துப் பெயரை நாளைக்குத் தேடி எடுக்க முடியாது. வங்கிப் படிவத்தில் படத்தை ஒட்ட முடியாது. அச்செழுத்தும் வேண்டும், கையெழுத்தும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று எழுதுகிறவரைக் கட்டாயப்படுத்துவதுதான் தப்பு.

கடைசியாக அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேரன் இன்னொரு மென்பொருளைத் தேடிப் பிடித்தான். அதில் எழுதியது எழுதியபடியே போகிறது. அச்செழுத்து வேண்டுமென்றால் பிறகு தனியாக எடுத்துக்கொள்ளலாம். முதலில் அக்கா மறுத்தார். “கொஞ்சம் பொறுக்கா, இது உன் எழுத்தைத் தொடாது” என்று நான் எழுதிக் காட்டிய பிறகு பேனாவை வாங்கினார். ஒரு பக்கம் முழுக்க எழுதினார், ஓரத்திலும் இடம் விடாமல், பழைய இன்லண்ட் லெட்டர் மாதிரியே.

அன்றிரவு மகள் போனில் சொன்னாள்: “மாமா, அம்மா கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு. மூணாவது வரியில கொஞ்சம் நடுங்குது. அப்போ டயர்டா இருந்தாங்களா?”

ஆமாம். மூன்றாவது வரியின்போது மருந்து நேரம். ஊசி போட்டுவிட்டு வந்துதான் தொடர்ந்தார். அச்செழுத்தில் எல்லா வரியும் ஒரே மாதிரி இருந்திருக்கும். மகளுக்கு இது தெரிந்திருக்காது.

உங்கள் வீட்டிலும் தட்டத் தெரியாத, ஆனால் எழுதத் தெரிந்த ஒரு பெரியவர் இருப்பார். ஒரு நாள் அவர் கையில் பேனாவைக் கொடுத்து, உங்கள் செல்போனில் ஒரு வரி எழுதச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உதவி செய்யாதீர்கள், பார்க்க மட்டும் செய்யுங்கள். எங்கே அவர் கை நிற்கிறது, எங்கே முகம் சுருங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மென்பொருள் செய்கிற என் பிள்ளைகளே, உங்களுக்கு நான் தரும் வீட்டுப்பாடம் இதுதான். பார்த்ததைக் கீழே எழுதுங்கள். ஒன்று விடாமல் படிப்பேன்.